மூன்றாம் வரிசை ஜன்னல்கள்

அந்தச் சனிக்கிழமை முற்பகல் வடவள்ளி வீட்டின் கூடத்தில் இருந்தவர்கள் நால்வர்: என் மகள் தமயந்தி, பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பற்கள் செய்து கொடுக்கும் அவள் கணவர் குழந்தைவேலு, அவருடைய தாயார் நாச்சம்மாள், முப்பத்தோராண்டு கல்லூரியில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்ற நான். வேறு எவரும் இல்லை. பன்னிரண்டரைக்கு ஒரு டெம்போ வர வேண்டும், மேசைமேல் இருந்ததை ஏற்றிக்கொண்டு கண்காட்சிக்குப் போக வேண்டும், அதற்குள் நான் ஒரு சொல் சொல்ல வேண்டும். நான் சொல்லாமல் நின்றுகொண்டிருந்தேன்.

நான்கரை அடி நீளம். மலைமேல் என்றோ மூடிப்போன ஒரு தேயிலைத் தொழிற்சாலை, பதினோராயிரம் பிளாஸ்டிக் கட்டைகளில். பிள்ளைகள் விளையாடுகிற அதே கட்டைகள், தலையில் குமிழும் அடியில் குழியும் உள்ளவை. ஒன்றன் குமிழ் மற்றதன் குழிக்குள் டிக்கென்று அமரும், அவ்வளவுதான் பிடிமானம். பசை கூடாது, வெட்டக் கூடாது, சாயம் பூசக் கூடாது. குழந்தைவேலுவும் இவரைப் போன்ற நாற்பது ஐம்பது பேரும் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்ட சட்டம் அது. பெட்டியோடு வரும் வழிகாட்டிப் புத்தகத்தை இவர் பிரிப்பதேயில்லை, அதைப் பார்த்துக் கட்டுவது தேர்வில் பார்த்து எழுதுவதைப் போலாம். ஐம்பது வயதை எட்டுகிற மனிதர் தரையில் உட்கார்ந்து பொம்மை அடுக்குகிறாரே என்று தொடக்கத்தில் எனக்கு இருந்த இளக்காரத்தை இப்போது ஒளிக்க மாட்டேன், அது போய்விட்டது என்பதையும் ஒளிக்க மாட்டேன். தகரக் கூரையின் நெளிவுக்கு இவர் எடுத்திருப்பது பொம்மைக் கார்களின் முன்பக்கக் கம்பிவலை, நூற்றுக்கணக்கில், ஒன்றன்மேல் ஒன்று அரை அங்குலம் ஏறினாற்போல். மழைநீர் இறங்கும் குழாய்கள், பொம்மை மனிதரின் கையில் கொடுக்கிற துடைப்பத்தின் காம்புகள். இலை ஏறும் பட்டைக்கு ஒரு பொம்மைப் பீரங்கி வண்டியின் சங்கிலியைக் கழற்றியிருக்கிறார். புகைபோக்கியின் உச்சியில் கவிழ்ந்திருப்பது ஒரு தொப்பி என்று தெரிவதற்கு எனக்குப் பத்து நிமிடம் ஆயிற்று, தெரிந்தபின் அது தொப்பியாக மாற மறுத்தது, புகைபோக்கியாகவே நின்றது. ஒரு பொருளை அதன் பெயரிலிருந்து பிரித்தெடுத்து வேறொன்றாக நிற்கவைப்பது எளிய வேலையன்று. குறியீட்டைக் கற்பிக்கையில் நான் அதைத்தான் செய்ய முயன்றேன், பெரும்பாலும் தோற்றேன். முன்சுவர் முழுவதும் பச்சைச் சட்டமிட்ட ஜன்னல்கள், மூன்று வரிசை. வரிசைக்கு இருபத்தேழு. இருபத்தேழு என்று எண்ணினேன். மறுமுறை எண்ணியபோது மூன்றாம் வரிசையில் இருபத்தாறு வந்தது. மூன்றாம் முறை எண்ணவில்லை.

இவர் கட்டும் எதுவும் வீட்டைவிட்டு இறங்குமுன் நான் பார்த்தாக வேண்டும் என்பது எட்டாண்டாக இங்கே வழக்கம். முதலில் கட்டியது ஒரு மாவு மில். பட்டையைக் குறுக்கே போட்டால் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றும், இந்த மில்லில் மாவு கீழே விழாது, மேலே ஏறும் என்றேன், தமயந்தியிடம். மாப்பிள்ளையிடம் நேரே குறை சொல்வது எங்கள் பக்கத்தில் முறையில்லை. அவர் மூன்றடி தள்ளி நின்றாலும் மகளிடம்தான் சொல்ல வேண்டும், அவரும் மகள் வழியாகக் கேட்டதாகவே கொள்ள வேண்டும். மறுநாளே பிரித்துக் கட்டிவிட்டார். பேருந்து நிலையத்தின் படிகள் ஆளின் இடுப்பளவு இருந்தன, அதைச் சொன்னேன். தண்ணீர்த் தொட்டியின் ஏணி மேலே எட்டவில்லை. ஏழு கட்டடம், ஏழு பிழை. பிழை சொல்லாமல் ஒன்றையும் நான் அனுப்பியதில்லை. இவருடைய நண்பர்களெல்லாம் முதலில் கேட்பது, உங்கள் மாமியார் எதைப் பிடித்தார் என்பதாம். அன்று காலை காப்பித் தம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு இவரே சொன்னார்: "இந்தத் தடவ நானே ஒரு தப்பு வெச்சிருக்கேனுங்க அத்தை. வேணும்னே. ஒண்ணே ஒண்ணு. நீங்க புடிச்சீங்கன்னா வண்டி ஏத்தறக்கு முன்னால மாத்திப்போடறேன்." தமயந்தி, "எங்கம்மாவுக்கே பரீட்சையா? உங்களுக்கு நேரம் சரியில்லீங்க" என்றாள். நாச்சம்மாள் ஊஞ்சலில் கால் நீட்டியபடி, "அட, டீச்சரம்மாவுக்கே ஒரு டீச்சர் வந்துட்டானா, சபாஷ் சாமி" என்று தொடையில் தட்டிக்கொண்டார். நானும் சிரித்தேன். மேசையருகே வந்து, குனிந்து, முன்சுவரைப் பார்த்து, நிமிர்ந்தேன், மறுபடி குனிந்தேன். அதன்பின் சிரித்ததாக நினைவில்லை.

மூன்றாம் வரிசை வளைகிறது. இடமிருந்து பத்துப் பன்னிரண்டு ஜன்னல்வரை ஒழுங்காக வருகிறது, பிறகு துணிக்கயிற்றில் ஈரத் துணி போட்டாற்போல் தொய்கிறது, வலப்புறம் போய் மீண்டும் எழுந்துகொள்கிறது. தொய்வின் அடியில் ஒரு வெளுப்பு. மேற்கு ஜன்னலின் வெயில் அங்கே விழுகிறது போலும் என்று நினைத்தேன். முற்பகலில் மேற்கு ஜன்னலுக்கு வெயில் ஏது என்றும் நினைத்தேன். அந்த இரண்டாவது நினைப்பை அப்படியே வைத்துவிட்டு நகர்ந்தேன். இதுதான் இவர் வைத்த பிழையாக இருக்கும். இருக்கலாம். நீளச் சுவரை இந்தக் கட்டைகளால் வளைக்க முடியும் என்று இவரே ஒருமுறை காட்டியிருக்கிறார்: கட்டைக்கும் கட்டைக்கும் இடையே மயிரிழை இடைவெளி உண்டு, நூறு மயிரிழை சேர்ந்தால் ஒரு வில். ஆகவே வளைக்கலாம். அதுவன்றி இவருக்குச் சேதத்தை அப்படியே படியெடுப்பதில் ஒரு பிடிவாதமும் உண்டு. பேருந்து நிலையத்தின் பெயர்ப்பலகையைச் சாய்த்தே கட்டினார், உண்மையில் அது சாய்ந்திருந்தது என்பதற்காக. மலையில் அந்தச் சுவரே தொய்ந்திருந்தால் இவர் தொய்வித்திருப்பார். அப்படியும் இருக்கலாம். இரண்டும் இல்லையென்றால் எஞ்சுவது என் வலக்கண். நான் கூடத்தின் தரையைப் பார்க்கவில்லை. தரையில் சதுர ஓடுகள் பதித்திருக்கிறார்கள், நேர்க்கோடுகளுக்குப் பஞ்சமில்லை. கதவின் நிலை இருக்கிறது, ஜன்னல் கம்பி இருக்கிறது, நாட்காட்டியின் கட்டங்கள் இருக்கின்றன. கழுத்தைக் கொஞ்சம் திருப்பினால் போதும், அரைநொடியில் தெரிந்துவிடும். இந்த வீட்டில் வளைவதற்கு உரிமையுள்ள கோடு இந்தப் பொம்மைச் சுவரில் மட்டும்தான் இருக்கிறது. அதனால் இதைவிட்டுக் கண்ணை எடுக்க எனக்குத் துணிவில்லை.

இடக்கண் போனது இரண்டாண்டுக்கு முன்பு. போனது என்றால் முழுக்க இல்லை. ஓரங்கள் இருக்கின்றன, நடு இல்லை. யாரையாவது அந்தக் கண்ணால் பார்த்தால் காதும் தோளும் சேலைக்கரையும் தெரியும், முகமிருந்த இடத்தில் அழித்த கரும்பலகை. முதலில் மின்கம்பம் வளைந்தது. மின்வாரியத்தாரின் அலட்சியம் என்று எண்ணினேன். பிறகு நாளிதழின் பத்திகள் இடுப்பொடிந்தன. அச்சகத்தை ஏசினேன், கண்ணாடிக் கடைக்காரரை ஏசினேன், புதுக் கண்ணாடி வாங்கினேன். இப்படியே இருபத்திரண்டு நாள் ஓடிற்று. மருத்துவமனையில் தமயந்தியைவிட இளையவளான ஒரு மருத்துவர் என் விழித்திரையின் படத்தைத் திருப்பிக் காட்டி, "நடுவுல ரத்தக்குழாய் கசிஞ்சிருக்கும்மா. வளைஞ்சு தெரிஞ்ச அன்னைக்கே வந்திருந்தா ஊசி போட்டுக் காப்பாத்தியிருக்கலாம். இனி போனது போனதுதான்" என்றாள். குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். இன்னொரு கண்ணிலும் இது வரலாம் என்று சொல்லி ஓர் அட்டை கொடுத்தாள், கட்டம் கட்டமாகக் கோடு போட்டு நடுவில் ஒரு கரும்புள்ளி வைத்தது. தினமும் காலையில் இடக்கண்ணை மூடிக்கொண்டு அந்தப் புள்ளியைப் பார்க்க வேண்டும். ஒரு கோடு நெளிந்தாலும் அன்றைக்கே வர வேண்டும், மறுநாள் என்று தள்ளக் கூடாது. குளிர்பெட்டியின் கதவில் அதைத் தமயந்தி ஒட்டினாள். இரண்டாண்டு நான் ஒருநாளும் தவறவில்லை. பதினொரு நாளுக்கு முன்பு ஒரு காலை, வலது மூலைக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் நடுங்கினாற்போல் இருந்தது. இருந்ததா என்று சொல்ல முடியாது. பால் பொங்கும் சத்தம் கேட்டது, போனேன். திரும்பி வந்து, வாங்க வேண்டிய காய்கறிகளை ஒரு தாளில் எழுதி, அதை அந்த அட்டையின் மேலேயே வைத்து, காந்தத்தால் அழுத்தினேன். அவரைக்காய், பூசணிக்கீற்று, கறிவேப்பிலை. அந்தக் காய்களெல்லாம் வாங்கித் தின்றாகிவிட்டது. தாள் அங்கேயே இருக்கிறது.

ஏன் என்று என்னைக் கேட்டால் விடை தெரியும். முதல் முறை அறியாமை, அதை மன்னிக்கலாம்; இரண்டாம் முறை செய்வதற்குப் பெயர் வேறு. என் மாணவிகளில் ஒருத்தி, தேர்வில் தேறமாட்டோம் என்று தெரிந்து, விடைத்தாளைக் கொடுக்காமல் தாவணிக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு போனாள். திருத்தாத தாளில் தோல்வி இல்லையாம். அவளை முதல்வர் அறைக்கு இட்டுச்சென்றவள் நான். அவள் பெயர் இப்போது வரவில்லை. இரட்டைச் சடை. நேர்க்கோடு என்பது காணப்படுவதன்று, நிறுவப்படுவது என்று அந்த வகுப்பில்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்: கரும்பலகையில் நான் இழுப்பது கோடே அன்று, அதற்கு அகலம் இருக்கிறது, சுண்ணக்கட்டி உதிர்கிறது, கை நடுங்குகிறது, உண்மையான கோடு உங்கள் அறிவில் இருக்கிறது, கண்ணை நம்பாதீர்கள். எவ்வளவு பெருமையாகச் சொன்னேன். இரண்டு கண்ணும் இருந்ததால் சொல்ல முடிந்தது. படிக்க முடியாத அறிவு எத்தனை நாளைக்கு அறிவாக இருக்கும்? இந்தக் கண்ணும் போனால் தமயந்தி செய்தித்தாளை எனக்கு வாசித்துக் காட்டுவாள், நடுவில் தொலைபேசி வரும், விட்ட இடம் அவளுக்கு மறந்துபோகும். தட்டில் எது எங்கே இருக்கிறதென்று கடிகார முள்ளின் கணக்கில் சொல்லுவாள், மூன்று மணிக்குப் பொரியல், ஒன்பது மணிக்கு அப்பளம். நாச்சம்மாள் என் கையைப் பிடித்துக் குளியலறைவரை கொண்டுவிடுவார், வழியெல்லாம் பேசிக்கொண்டே.

"மணி பன்னெண்டாகப் போகுதுங்க சம்பந்தி" என்றார் நாச்சம்மாள், நான் நினைத்ததைக் கேட்டவர் போல. "புடிச்சாச்சா இல்லியா? சோறு ஆறுதுங்க." பன்னிரண்டு. கண் மருத்துவமனையில் புறநோயாளர் பிரிவு ஒரு மணிக்கு மூடும். நாளை ஞாயிறு. திங்களும் செவ்வாயும் பண்டிகை விடுமுறை. வடவள்ளியிலிருந்து அங்கே போக முப்பது நிமிடம், நெரிசல் இருந்தால் நாற்பது. ஆகவே இப்போது என்று ஒன்று இருக்கிறது, அதற்கு ஒரு முடிவும் இருக்கிறது. வளைவு இவர் வைத்ததென்றால் நான் சாப்பிட உட்காரலாம். என் கண் வைத்ததென்றால் இப்போதே செருப்பை மாட்ட வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள ஒரு சொல் கேட்டால் போதும், மூன்றாம் வரிசை நேரா என்று. மகளின் திருமணம் தொட்டுப் பத்தொன்பது ஆண்டாக இந்த வீட்டில் என்னைக் கேட்டுத்தான் எதுவும் நேராயிற்று. நான் எவரையும் கேட்டதில்லை. கேட்ட கணத்தில் தமயந்தியின் முகம் மாறும், குளிர்பெட்டிக்குப் போவாள், தாளைத் தூக்குவாள். அதனால் சுற்றிவளைத்து நாச்சம்மாளிடம் கேட்டேன். அவருடைய கணவர் அந்தத் தொழிற்சாலையில் கொதிகலன் பார்த்தவர், இருவரும் அங்கே பதினாறாண்டு குடியிருந்தவர்கள். "அந்தத் தொழிற்சாலையின் சுவரெல்லாம் நேராக இருந்ததா?" "செவுருங்களா? எந்தச் செவுரு? ஒரு வருசம் மழை நாப்பது நாளு விடாம ஊத்துச்சு பாருங்க, பின்பக்கத்துச் செவுரு அப்படியே வயித்தத் தள்ளிட்டு நின்னுது, புள்ளத்தாச்சியாட்ட." "முன்சுவர்?" "முன்பக்கமா? யாருக்குங்க ஞாபகம். அட்டை கடிச்ச காலப் பாக்கவே எனக்கு நேரம் பத்தாது. செவுத்தப் பாத்துட்டு நிக்கறக்கு நான் என்ன துரைசானிங்களா?" தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். தமயந்தி, "அம்மா, க்ளூ கேக்கறீங்களா? அதெல்லாம் செல்லாது" என்றாள். வயிறு தள்ளியது. ஒரு சுவர் தள்ளியிருந்தால் இன்னொன்றும் தள்ளலாம். மண் ஒன்றுதான், மழை ஒன்றுதான். பின்சுவரைப் பார்க்கலாம், அங்கே இவர் வளைவு வைத்திருந்தால் முன்பக்கத்திலும் வைத்திருப்பார், மேசையைச் சுற்றிப் போகலாம். போனேன். பின்சுவரும் வளைந்தது. ஆறுதலாக இருந்தது. நான் தலையை அசைத்தபோது வளைவும் என்னோடு நகர்ந்தது.

நகர்ந்ததா? நகரவில்லை. குனிந்த வேகத்தில் தலை சுற்றியிருக்கும், காலையில் ஒரு காப்பிதான், எழுபத்து நான்கு வயது. மறுபடி அசைத்துப் பார்க்கவில்லை. வேறு பிழை தேடுவோம் என்று தேடினேன், இடறி விழப்போகிறவர் சுவரைத் தேடுவது போல. இலை ஏறும் பட்டையின் சரிவு சரி. கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் வடிகால் இருக்கிறது, சரி. வாசற்கதவு வெளிப்புறம் திறக்கிறது, தொழிற்சாலைக்கு அதுதான் முறை. எடை போடும் மேசையருகே நிற்கும் பெண்களின் முதுகில் கூடை இருக்கிறது, அதன் கயிறு நெற்றியில் மாட்டியிருக்கிறது, அதையும் இவர் விடவில்லை. எவ்வளவு நல்ல வேலை. இதை எழுதி வைக்க வேண்டும், ஒரு கட்டுரையாக, பொருள்களை அவற்றின் பெயரிலிருந்து விடுவிக்கிற கலை என்று. எழுத. பேனாவின் முனை தாளில் எங்கே இருக்கிறதென்று தெரிந்தால் எழுதலாம். விரலால் தொட்டுப் பார்த்தால் என்ன? விரலுக்கு விழித்திரை வேண்டாம், மூன்றாம் வரிசையின் அடிக்கட்டை நெடுக ஓட்டினால் சொல்லிவிடும். கையை நீட்டவும் செய்தேன். "அத்தை, அத்தை, தொட்டுராதீங்க, அந்த வரிசை லேசாத்தான் நிக்குது" என்றார் குழந்தைவேலு, கெஞ்சுகிற குரலில். லேசாக நிற்கிறது. ஏன் லேசாக நிற்க வேண்டும்? வளைத்ததால். வளைத்த கட்டைகள் முழுதும் இறுகா, அதனால் லேசு. இதோ சான்று. இதைவிட வேறென்ன வேண்டும்? நெஞ்சு அடித்துக்கொண்டதைச் சான்றின் ஒரு பகுதியாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

தெருவில் டெம்போவின் ஒலிப்பான் கேட்டது. நிமிர்ந்து நின்றேன். முந்தானையைச் சரி செய்தேன். முறையை மீறி, மகளைப் பாராமல், மாப்பிள்ளையையே பார்த்து, வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னேன்: "மூன்றாம் வரிசை ஜன்னல்கள். நடுவில் தொய்கின்றன." ஊஞ்சல் ஒரு முறை போயிற்று, வந்தது. குழந்தைவேலுவின் முகம் எனக்கு நேரே இருந்தது, அதில் என்ன நடந்ததென்று என்னால் படிக்க முடியவில்லை. பிறகு அவர் குரல் வந்தது. "ஆமாங்க அத்தை. அதேதான். புடிச்சுட்டீங்க."

அதேதான். ஆக, என் கண் எனக்குப் பொய் சொல்லவில்லை, இந்தப் பதினொரு நாளும் ஒரு கிழவியின் வீண் கிலி, இன்று மாலையே அந்தத் தாளை எடுத்துவிட்டு அட்டையைப் பார்ப்பேன், கோடுகள் கோடுகளாக நிற்கும். பசித்தது. சோறு ஆறிவிட்டதே என்று கூட ஒரு சொல் வாய்வரை வந்தது. எட்டாவது பிழை. மகளின் பக்கம் திரும்பி, உன் வீட்டுக்காரர் கெட்டிக்காரர், ஆனால் நான் அவரைவிட, என்று சொல்ல இருந்தேன். நாச்சம்மாள் ஊஞ்சலை நிறுத்திவிட்டார். "என்ன சாமி, அதேதான்னு சொல்றே? நடுவால ஒரு ஜன்னல மட்டும் மஞ்சளா மாத்தி வெச்சிருக்கேன்னு காலையில எங்கிட்டச் சொன்னியே? அத்தன பச்சைக்கு நடுவால பளிச்சுன்னு நிக்குது, கண்ணாடி போடாத எனக்கே இங்கிருந்து தெரியுது. இன்னொண்ணும் வெச்சிருக்கறயா?" "அத்தை, கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் தமயந்தி மாமியாரிடம், அவள் ஒருபோதும் அவரிடம் பேசியிராத தாழ்ந்த குரலில். அந்தக் குரல் போதும். வேறு நிறுவல் வேண்டாம்.

மஞ்சள். மறுபடி பார்த்தேன். பச்சைகள் வரிசையாக வந்தன, தொய்ந்தன, அடியில் அந்த வெளுப்பு, பிறகு எழுந்தன. வெளுப்புக்கு நிறம் என்று எதுவும் இல்லை. இந்தப் பத்தொன்பது ஆண்டில் இந்த மனிதர் என் பேச்சை ஒருமுறையும் மறுத்ததில்லை என்பதை நான் அவருடைய பணிவென்று கணக்கில் வைத்திருந்தேன், அதன் மேல் எதையும் கட்டக் கூடாதென்று எனக்குத் தோன்றியதில்லை. தரையைப் பார்த்தேன், இப்போது பார்ப்பதில் பயனில்லை என்பதால். ஓடுகளின் கோடுகள் என் காலடியில் ஒரு குழியைச் சுற்றிக்கொண்டு போயின. "மாப்பிள்ளை," என்றேன். என் குரல் எனக்கே சிறியதாகக் கேட்டது, அதை நான் உரக்கச் செய்யவில்லை. "வரிசை நேராகத்தான் இருக்கிறதா?"

வெளியே டெம்போ மறுபடி ஒலித்தது. குழந்தைவேலு கையிலிருந்த தூசு துடைக்கும் தூரிகையை மேசைமேல் வைத்தார், தொழிற்சாலையின் வாசலை மறித்தாற்போல், எங்கே வைக்கிறோம் என்று பாராமல். "என்னங்க, வண்டி வந்துருச்சு, யாரு ஏத்தறது, எங்கே போறீங்க?" என்றாள் தமயந்தி. அவர் ஆணியில் தொங்கிய கார்ச் சாவியை எடுத்தார், என் செருப்புகளைச் சுவரோரத்திலிருந்து காலால் நகர்த்திக் கதவுக்கு நேரே வைத்தார், வெளியே நடந்தார்.